அடுப்பில்லாமல் பதமாகும் மீன்: நெதர்லாந்தின் புது ஹெர்ரிங்

ஜூன் மாதம் பாதி கடந்ததும் நெதர்லாந்தின் கடற்கரை ஊர்களிலும் உள்நாட்டுச் சந்தைகளிலும் மீன் வண்டிகளுக்கு முன்னால் வரிசை நிற்கத் தொடங்கும். வண்டிக்காரர் வாளியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குச் சற்று மேற்பட்ட வெள்ளி நிற மீன் ஒன்றை எடுப்பார். தலையை வெட்டி, வயிற்றைக் கீறி, உள்ளே எஞ்சியிருப்பதைக் கத்தி முனையால் வழித்தெடுப்பார். முதுகுத் தோலை வால் நோக்கி ஒரே இழுப்பில் உரிப்பார். முதுகெலும்பின் ஓரமாகக் கட்டைவிரலை ஓட்டி எலும்பை அப்படியே தூக்கி எடுப்பார். இரண்டு சதைப் பட்டைகள் வாலில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கும். அவ்வளவும் அரை நிமிட வேலை. வாங்கியவர் அதைப் பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயத்தில் ஒற்றி, வாலைப் பிடித்து உயர்த்தி, தலையை அண்ணாந்து கடித்து உண்பார். அதற்கு மேல் நெருப்போ எண்ணெயோ காடியோ மசாலாவோ எதுவும் சேர்வதில்லை.

இதைப் பார்க்கும் நம்மவர் பெரும்பாலோர் "பச்சை மீனை அப்படியே தின்கிறார்கள்" என்று சொல்லிவிடுவார்கள். சிலர் "உப்பில் போட்ட மீன்தானே" என்பார்கள். இரண்டு கூற்றிலும் பாதி உண்மை உண்டு. அந்த மீன் தீயைக் கண்டதில்லை என்பதும் உண்மை, உப்பைக் கண்டது என்பதும் உண்மை. ஆனால் அந்த மீனுக்கு வெண்ணெய் போன்ற மென்மையையும் ஆழ்ந்த சுவையையும் தருவது உப்பு மட்டுமன்று. மீனின் வயிற்றுக்குள் வேண்டுமென்றே விட்டுவைக்கப்படும் ஒரு சிறு உறுப்பே அந்த வேலையைச் செய்கிறது. காய் கனிவதுபோல அந்த மீன் தன்னுள் இருக்கும் பொருளாலேயே கனிகிறது. இந்தக் கனிதலைப் புரிந்துகொண்டால் இந்த உணவைப் பற்றிய மற்ற செய்திகள் எல்லாம் தாமாகவே விளங்கிவிடும் என்பதால், இக்கட்டுரை அதையே நடுவில் வைத்துச் செல்கிறது.

முதலில் மீனைப் பார்ப்போம். ஹெர்ரிங் என்பது வட அட்லாண்டிக் பெருங்கடலிலும் அதைச் சேர்ந்த வடகடலிலும் பெருங்கூட்டங்களாகத் திரியும் மீன். நம் கடற்கரையில் மத்தி என்றும் சாளை என்றும் வழங்கும் மீனின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இது. உருண்டு நீண்ட உடல், எளிதில் உதிரும் செதில், சதை முழுதும் பரவி நிற்கும் எண்ணெய்ப் பசை என்று உறவு முகத்திலேயே தெரியும். மத்தி வாங்கிப் பழகியவர்களுக்கு ஒரு செய்தி புதிதாக இராது: ஒரே மீன்தான், ஒரு பருவத்தில் வறண்டிருக்கும், இன்னொரு பருவத்தில் சட்டியில் போட்டால் தன் எண்ணெயிலேயே பொரியும். ஹெர்ரிங்கிலும் அப்படித்தான். நெதர்லாந்தின் புது ஹெர்ரிங் மரபு முழுவதும் அந்தப் பருவ மாற்றத்தின்மீதே நிற்கிறது.

குளிர்காலத்தில் வடகடலில் மீனுக்கு இரை குறைவு. சினை விட்டு ஓய்ந்த மீன், சேர்த்து வைத்த கொழுப்பையெல்லாம் செலவழித்து மெலிந்து போயிருக்கும். இளவேனில் வந்து பகல் நீளத் தொடங்கியதும் கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பெருகுகின்றன. அவற்றைத் தின்று துடுப்புக்காலிகள் எனப்படும் சிறு மிதவை உயிரிகள் பெருகுகின்றன. கொழுப்பு நிறைந்த அந்த உயிரிகளை ஹெர்ரிங் கூட்டம் வாய் நிறைய வடிகட்டியும் பொறுக்கியும் தின்கிறது. மே மாதத்தில் தொடங்கும் இந்த விருந்தினால் சில வாரங்களுக்குள் மீனின் சதையில் கொழுப்பு ஏறிவிடுகிறது. புது ஹெர்ரிங் என்று பெயர் பெறுவதற்குக் குறைந்தது 16 விழுக்காடு கொழுப்பு இருந்தாக வேண்டும். நல்ல ஆண்டுகளில் அது 20 விழுக்காட்டையும் தாண்டும். கடல் குளிர்ந்தே கிடந்து இரை தாமதமானால் மீன் கொழுக்கவும் தாமதமாகும். அப்போது விற்பனை தொடங்கும் நாளையும் தள்ளிவைக்கிறார்கள். நாள்காட்டியைவிட மீனின் உடம்பே இங்கு அதிகாரம் செலுத்துகிறது என்பது எனக்கு இந்த மரபில் மிகவும் பிடித்த கூறு.

கொழுப்பு ஏறிய மீன் அப்படியே இருந்துவிடுவதில்லை. கோடை முதிர முதிர, அது அந்தக் கொழுப்பை எடுத்துச் சினையாக்கத் தொடங்கும். பெண் மீனில் சினையும் ஆண் மீனில் விந்துப்பையும் பருக்கும்; சதை மெலியும்; சுவையும் மாறும். ஆகவே கொழுப்பு ஏறியும் சினை வைக்காமலும் இருக்கும் அந்தக் குறுகிய இடைவெளியில், ஏறத்தாழ மே மாத நடுப்பகுதியிலிருந்து ஜூலை வரையில், பிடிபடும் மீனே இதற்கு உகந்தது. டச்சு மொழியில் இம்மீனை 'மாட்யெஸ் ஹாரிங்' என்கிறார்கள். 'கன்னி ஹெர்ரிங்' என்று பொருள்படும் பழஞ்சொல் வழக்கில் தேய்ந்து இவ்வாறு ஆயிற்று. இளம் ஹெர்ரிங் என்று இதை மொழிபெயர்ப்பது வழக்கமானாலும், பிடிபடும் மீன் குஞ்சுமீன் அன்று. சில ஆண்டுகள் வளர்ந்த மீன்தான். அந்தப் பருவத்துக்கு அது இன்னும் சினை வைக்கவில்லை என்பதே பெயரின் உட்பொருள். பருவத்தின் முதல் மீன் 'ஹொலாண்ட்ஸ நியூவ' என்ற பெயரில் விற்பனைக்கு வரும். 'ஹாலந்தின் புதியது' என்று அதற்குப் பொருள். என்ன புதியது என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

இனி, கனிதலுக்கு வருவோம்.

பிடித்த ஹெர்ரிங்கைப் பதப்படுத்துவதன் முதற்படிக்கு டச்சு மொழியில் 'காக்கன்' என்று பெயர். பழைய முறையில் இதைச் செய்பவர் மீனை இடக்கையில் வயிறு மேற்புறமாக இருக்கும்படி பிடித்துக்கொள்வார். வலக்கையில் விரல் நீள அலகு கொண்ட சிறு கத்தி இருக்கும். அதைச் செவுளுக்குக் கீழே தொண்டையில் செலுத்தி, ஒரு திருகு திருகி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து இழுப்பார். செவுள்கள், இதயம், உணவுக்குழாய், இரைப்பை, குடலின் ஒரு பகுதி ஆகியவை ஒரே கொத்தாக வெளியே வந்துவிடும். வயிறு கீறப்படுவதில்லை, தலையும் உடலோடு இருக்கும். செவுள் போனதும் மீனின் இரத்தம் வடிந்துவிடும். சதை வெளுத்துத் தூய்மையாக நிற்பதற்கு இந்த இரத்தம் வடிதல் பெரிய காரணம்.

இப்படி எடுத்த பின்னும் உள்ளே சில உறுப்புகள் எஞ்சியிருக்கின்றன. அவையே இந்த முறையின் உயிர். இரைப்பையும் குடலும் சேரும் இடத்தில் விரல் விரலாகத் தொங்கும் சிறு பைகள் ஹெர்ரிங்குக்கு உண்டு. கணையத் திசு அவற்றைச் சுற்றிப் பரவியிருப்பதால் மீன் தொழிலில் உள்ளவர்கள் அந்தத் தொகுதி முழுவதையும் கணையம் என்றே சொல்கிறார்கள். மீன் உயிரோடு இருக்கும்போது, தின்ற இரையைச் செரிக்க வைக்கும் நொதிகள் இங்கிருந்துதான் சுரக்கின்றன. மீன் இறந்த பிறகும் நொதிகள் தம் தொழிலை விடுவதில்லை. செரிக்க இரை இல்லாதபோது, அவை மெல்ல மெல்லச் சதைக்குள் ஊறிச் சென்று அங்குள்ள புரதத்தை உடைக்கத் தொடங்குகின்றன. நீண்ட புரத இழைகள் சிறு துண்டுகளாகவும், பின்னர் அமினோ அமிலங்களாகவும் சிதைகின்றன. இழை அறுந்ததால் சதை மிருதுவாகிறது. அமினோ அமிலங்கள் பெருகியதால் சுவை திரண்டு நிற்கிறது.

இதை மாற்றிச் செய்து பார்த்தால் உண்மை இன்னும் தெளிவாகும். மீனின் தலையை வெட்டி, வயிற்றை முழுதாகச் சுத்தம் செய்து, அதே உப்பில் அதே நாள்கள் வைத்தாலும் அது கனிவதில்லை. உப்பேறிய பச்சை மீனாகவே, பல்லுக்கு இரப்பர்போல இழுபடும் சதையோடு கிடக்கும். மறுபுறம், எதையுமே எடுக்காமல் முழு மீனாக விட்டுவிட்டால் வேறொரு கேடு வரும். கொழுக்கும் பருவத்து மீனின் வயிறு இரையால் நிறைந்திருக்கும். அந்த இரையும் அதைச் செரிக்கச் சுரந்த நொதிகளும் சேர்ந்து வயிற்றுச் சதையையே அரித்து, சில மணி நேரங்களில் வயிறு வெடித்துப்போகும். எடுக்க வேண்டியதை எடுத்து, விட வேண்டியதை விடும் அந்த ஒரு கத்தித் திருகல்தான் ஹெர்ரிங்கைக் கெடவிடாமல் கனிய வைக்கிறது. அடுப்படியில் நாம் செய்யும் எந்தச் சமையலுக்கும் குறையாத நுணுக்கம் அதில் இருக்கிறது.

உப்பின் வேலை இந்த இடத்தில்தான் வருகிறது. காக்கன் முடிந்த மீன் உப்பிலோ உப்புக்கரைசலிலோ இடப்பட்டுக் குளிர்ச்சியில் வைக்கப்படும். உப்பு சதையிலிருந்து நீரை இழுத்து, கெடுக்கும் நுண்ணுயிரிகளின் பெருக்கத்தைத் தடுக்கிறது. ஆனால் நொதிகளை அது முழுதாக முடக்குவதில்லை. குளிர்ச்சி இரண்டையுமே மந்தமாக்குகிறது. கெடுதலைக் கட்டிப்போட்டு, கனிதலை மட்டும் மெதுவாக நடக்கவிடும் ஒரு நடுநிலை இப்படி உண்டாகிறது. இன்றைய இலேசான உப்பிடலில் ஓரிரு நாள்களிலேயே மீன் பக்குவத்துக்கு வந்துவிடும்.

பெயர்க்குழப்பம் ஒன்றையும் இங்கே தீர்த்துவிடுவது நல்லது. ஹெர்ரிங் ஊறுகாய் என்ற சொல்லைச் சில இடங்களில் காணலாம். அது காடியில் ஊறிய ஹெர்ரிங்குக்குப் பொருந்தும். நெதர்லாந்திலேயே புளிப்பு ஹெர்ரிங்கும், வெள்ளரி ஊறுகாயைச் சுற்றிச் சுருட்டிக் காடியில் இட்ட ரோல்மொப்ஸும் உண்டு. புது ஹெர்ரிங்கில் காடி சேர்வதே இல்லை. கருவாட்டோடு ஒப்பிடுவதும் சரிவராது; கருவாட்டில் வெயில் நீரை வற்றச்செய்து மீனைக் காக்கிறது, இங்கே மீன் ஈரத்தோடும் எண்ணெயோடும் இருக்க வேண்டும். சுவீடன் நாட்டில் நாற்றத்துக்குப் பேர்போன சூர்ஸ்ட்ரொமிங் என்னும் ஹெர்ரிங் உண்டு. அது நுண்ணுயிரிகளால் புளித்து உருவாவது. புது ஹெர்ரிங்கில் மாற்றத்தைச் செய்வது மீனின் சொந்த நொதி. உறவு தேட வேண்டுமானால் மத்திய தரைக்கடல் நாடுகளில் மாதக்கணக்கில் உப்பில் கிடந்து பழுக்கும் நெத்திலிக்கு அருகில் இதை வைக்கலாம். அங்கும் புரதத்தை உடைப்பதில் மீனின் நொதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த முறையைக் கண்டவர் யார் என்று நெதர்லாந்தில் கேட்டால், வில்லெம் போக்கல்ஸோன் என்ற பெயரைச் சொல்வார்கள். 14ஆம் நூற்றாண்டில் ஸீலாந்து பகுதியின் பீர்வ்லீட் என்ற சிற்றூரில் வாழ்ந்த மீனவர் அவர் என்பது மரபு. அவரது புகழ் எவ்வளவு பரவியிருந்தது என்றால், பேரரசர் ஐந்தாம் சார்லஸ் தம் சகோதரி மேரியோடு 1556இல் பீர்வ்லீட் சென்று அவரது கல்லறைக்கு மரியாதை செலுத்தினார் என்று சொல்லப்படுகிறது. அவ்வூர்த் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரத்தில் அவர் உருவம் இன்றும் இருக்கிறது. இதைப் போன்ற முறை பால்டிக் கடலோரத்து ஸ்கேனியாவின் (இன்றைய தென் சுவீடன்) மீன் சந்தைகளில் அதற்கு முன்பே இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகின்றனர். என் எண்ணத்தில், கண்டுபிடித்தவர் ஒருவரா பலரா என்பதைவிட, அந்த முறையை ஹாலந்து, ஸீலாந்து மீனவர்கள் கரையிலிருந்து கப்பலுக்கு எடுத்துச் சென்றார்களே, அதுதான் பெரிய திருப்பம்.

அதுவரை ஹெர்ரிங் பிடிப்பவர்கள் மீன் கெடுமுன் கரை சேர்ந்தாக வேண்டும். எனவே கரைக்கு அருகிலேயே வலை வீச வேண்டும். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோர்ன் என்னும் துறைமுக ஊரில் நீரோட்டத்தோடு மிதந்து செல்லும் பெரிய செவுள்வலையும், அதை வீசி இழுக்க 'பௌஸ்' எனப்படும் அகன்ற வயிறுடைய கப்பலும் தோன்றின. பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழு அதில் ஏறும். இரவில் வலை வீசி, விடியலில் இழுத்து, மேல்தளத்திலேயே காக்கன் செய்து, உப்பிட்டு, பீப்பாய்களில் அடுக்கி மூடிவிடுவார்கள். மீன் பீப்பாய்க்குள் கனிந்துகொண்டிருக்கும்போதே கப்பல் அடுத்த வலையை வீசும். வாரக்கணக்கில் கடலிலேயே இருக்கலாம்; கூட்டம் எங்கே போகிறதோ அங்கே பின்தொடரலாம். ஜூன் 24ஆம் நாள் புனித யோவான் திருநாளை ஒட்டி ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளின் அருகில் பருவம் தொடங்கும். மீனைத் தொடர்ந்து தெற்கே இறங்கி இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் முடியும். ஷெட்லாந்தின் இன்றைய தலைநகரான லெர்விக், 17ஆம் நூற்றாண்டில் அங்கே ஒதுங்கிய டச்சு மீனவர்களோடு நடந்த வணிகத்தால் வளர்ந்த ஊர்.

பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் மிளகு, துணி, யானை வணிகத்துக்கு வந்த ஒல்லாந்தராக நாம் அறிந்த அதே மக்கள், தம் சொந்தக் கடலில் முதலில் பொருள் சேர்த்தது இந்த மீனால். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலந்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 500 பௌஸ் கப்பல்கள் கடலுக்குச் சென்றன. வாங்குவோருக்கும் பஞ்சமில்லை: கத்தோலிக்கர் வெள்ளிக்கிழமைகளிலும் தவக்காலத்திலும் இறைச்சி உண்ணாதபோது, கடலைக் காணாத உள்நாட்டு ஊர்களுக்கும் பீப்பாய் ஹெர்ரிங்கே மீனாக அமைந்தது. பால்டிக் துறைமுகங்களுக்கு ஹெர்ரிங் சென்றது, திரும்பும் கப்பலில் தானியம் வந்தது. பீப்பாயின் அளவு, உப்பின் தரம், மீன் பிடிக்கத் தொடங்கும் நாள் ஆகிய அனைத்தையும் 'பெரிய மீன்பிடிப்பு' மன்றம் ஒன்று கட்டுப்படுத்தியது. சோதித்துத் தேறிய பீப்பாய்களுக்குச் சூட்டுமுத்திரை இடப்பட்டது. டச்சு ஹெர்ரிங் என்றால் திறந்து பார்க்காமலே வாங்கலாம் என்ற நம்பிக்கையை உருவாக்கியது இந்தக் கண்டிப்புதான். ஆம்ஸ்டர்டாம் ஹெர்ரிங் முள்ளின்மீது கட்டப்பட்ட நகரம் என்ற பழமொழி அங்கே வழங்குவது வெறும் புகழ்ச்சியன்று.

இவ்வளவு மீனுக்கு எவ்வளவு உப்பு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நெதர்லாந்தின் மழையும் மங்கல் வெயிலும் உப்பளத்துக்கு ஏற்றவை அல்ல. பிரான்ஸ், போர்ச்சுகல் கடற்கரைகளிலிருந்தே பருவெட்டான உப்பு வந்தது. ஸ்பெயினோடு நடந்த விடுதலைப் போரின்போது, அப்போது ஸ்பெயின் மன்னரின் கீழிருந்த போர்ச்சுகல் துறைமுகங்கள் மூடப்பட்டன. உடனே டச்சுக் கப்பல்கள் 1599 முதல் அட்லாண்டிக்கைக் கடந்து இன்றைய வெனிசுவேலாவின் அராயா உப்பேரிக்குச் சென்று உப்பு வெட்டி வந்தன. ஒரு கைப்பிடி உப்புக்காகப் பெருங்கடலைக் கடந்தார்கள் என்பதே அந்த மீன் அவர்களுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதற்குச் சான்று. பகைவர்களுக்கும் அது தெரிந்திருந்தது: முதலாம் ஆங்கில-டச்சுப் போர் மூண்ட 1652ஆம் ஆண்டில், ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ராபர்ட் பிளேக் முதலில் தேடிச் சென்ற இலக்குகளில் ஒன்று ஷெட்லாந்து அருகே மீன்பிடித்துக்கொண்டிருந்த ஹெர்ரிங் கப்பல் கூட்டம்.

அந்தப் பழைய ஹெர்ரிங்கின் சுவை இன்று வண்டியில் கிடைக்கும் மீனின் சுவை அன்று. மாதக்கணக்கில் பீப்பாயில் கிடக்க வேண்டியிருந்ததால் உப்பு மிக அதிகம்; உண்பதற்கு முன் தண்ணீரிலோ பாலிலோ ஊறவைத்து உப்பை இறக்க வேண்டும். குளிர்பதன வசதி வந்த பிறகே இலேசாக உப்பிட்ட, இளம் பக்குவத்து ஹெர்ரிங் எல்லாருக்கும் எட்டியது. ஆனால் உப்பைக் குறைத்ததில் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. அனிசாக்கிஸ் என்ற உருளைப்புழுவின் இளம்பருவம் ஹெர்ரிங்கின் வயிற்றறையில் சுருண்டு கிடக்கும். திமிங்கிலம், கடல்நாய் போன்ற பாலூட்டிகளின் வயிற்றை அடைவதே அதன் வாழ்க்கைப் பாதை. மனிதர் வயிற்றுக்குள் உயிரோடு போனால் அது இரைப்பைச் சுவரையோ குடற்சுவரையோ துளைக்க முயன்று கடும் வலியை உண்டாக்கும். பழைய கடும் உப்பு புழுவைக் கொன்றுவிட்டது. புதிய இலேசான உப்பு கொல்லவில்லை. 1950களில் நெதர்லாந்தில் காரணம் புரியாத வயிற்றுவலியோடு மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளிடம் இந்தப் புழு காணப்பட்டது. 1960இல் லைடன் நகர ஆய்வாளர் வான் தீலும் அவரோடு பணியாற்றியவர்களும் ஹெர்ரிங்குக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர்.

தீர்வும் எளிதாகவே கிடைத்தது. புழுவுக்குக் கடும் குளிர் ஆகாது. 1968இல் நெதர்லாந்து அரசு, பச்சையாக உண்ணப்படும் ஹெர்ரிங் அனைத்தையும் விற்பனைக்கு முன் உறையவைத்தே தீர வேண்டும் என்று சட்டம் செய்தது. நோய் விரைவிலேயே ஏறத்தாழ மறைந்துவிட்டது. இன்று ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் இதே விதி உண்டு: மீனின் நடுப்பகுதி வரை மைனஸ் 20 பாகை செல்சியசில் குறைந்தது 24 மணி நேரம், அல்லது மைனஸ் 35 பாகையில் குறைந்தது 15 மணி நேரம் உறையவைக்க வேண்டும். ஆகவே ஜூன் மாதத்து வண்டியில் "இன்று வந்த புது மீன்" என்று தரப்படும் ஹெர்ரிங்கும் ஒருமுறை உறைந்து உருகிய மீனே. இதைக் கேட்டுச் சிலர் ஏமாற்றம் அடைகிறார்கள். அடைய வேண்டியதில்லை. கனிந்து வந்த வேளையில் மீனை உறையவைப்பதால் அந்தப் பக்குவம் அப்படியே நிற்கிறது, பாதுகாப்பு கிடைக்கிறது, உப்பை மேலும் குறைக்க முடிகிறது, ஜூனில் பிடித்த மீனை மார்கழிக் குளிரிலும் உண்ண முடிகிறது. நானறிந்தவரை, ஒரு நோய்த் தடுப்புச் சட்டம் ஓர் உணவின் சுவையையும் உயர்த்திய அரிய நிகழ்வு இது. வீட்டில் கடையிலிருந்து வாங்கிய பச்சை மீனை உப்பிட்டு இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் மட்டும் இந்த உறையவைத்தலைத் தாண்டிப் போகக் கூடாது. சாதாரண வீட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைபெட்டி அந்தக் குளிரை நம்பத்தக்க வகையில் எட்டுவதில்லை.

இன்றைய புது ஹெர்ரிங்கைப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் நெதர்லாந்துக்காரர்கள் அல்லர் என்பதும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. 1960களில் பெருவலைகளும் மீன் கூட்டத்தைக் கண்டறியும் ஒலிக்கருவிகளும் வந்ததும் வடகடல் ஹெர்ரிங்கைக் குஞ்சோடு அள்ளி, மீன்தூள் ஆலைகளுக்கும் அனுப்பினார்கள். இருப்பு சரிந்து, 1977இல் வடகடல் ஹெர்ரிங் மீன்பிடிப்பே மூடப்பட்டது. பெரும்பகுதியில் 1983 வரை திறக்கவில்லை. நூற்றாண்டுகள் நீடித்த தொழில் ஒரு தலைமுறையின் பேராசையால் முடங்கியது வருத்தத்துக்குரியது; கடல் ஓய்வு பெற்றதும் மீன் திரும்பி வந்தது ஆறுதலுக்குரியது. ஆனால் அந்த இடைவெளியில் நெதர்லாந்தின் பழைய ஹெர்ரிங் படகுகள் கலைந்துவிட்டன. இன்று புது ஹெர்ரிங்கின் பெரும்பங்கை டென்மார்க், நார்வே நாட்டுப் படகுகள் பிடிக்கின்றன. டச்சு வணிகர்கள் அங்குள்ள துறைமுகங்களுக்கே சென்று கொழுப்பை அளந்து, மீனைத் தேர்ந்து வாங்கி, காக்கனும் உப்பிடலும் தம் முறைப்படி நடப்பதை உறுதிசெய்கிறார்கள். மீன் பிற நாட்டுக் கரையில் இறங்கினாலும் மரபு தங்களுடையது என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது; இந்த உணவை உணவாக்குவது பிடிப்பைவிடப் பக்குவம்தான் அல்லவா?

பருவத்தின் தொடக்கம் ஹேக் நகரத்தை ஒட்டிய ஸ்கெவெனிங்கன் துறைமுகத்தில் 'கொடி நாள்' என்ற பெயரில் கொண்டாடப்படுகிறது. பருவ முதல் நாளுக்குமுன் மீன்பிடிக் கப்பல்களைக் கொடிகளால் அலங்கரித்து வழியனுப்பிய பழைய வழக்கத்தின் தொடர்ச்சி இது. அந்நாளில் பழைய படகுகள் தோரணங்களோடு நிற்கும். மூத்த பெண்கள் ஊரின் மரபு உடையில் வருவார்கள். ஆண்டின் முதல் ஹெர்ரிங் பீப்பாய், 'முதல் வாட்யெ' என்று அழைக்கப்படும் சிறு மரப்பீப்பாய், இதையொட்டி ஏலம் விடப்படுகிறது. பல பத்தாயிரம் யூரோவுக்கு ஏலம் போகும் அந்தத் தொகை அறப்பணிக்குச் செல்கிறது. முதல் மீனை அரச குடும்பத்துக்கு அளிப்பதும் நெடுநாள் வழக்கம். அக்காலத்தில் 'யாகர்' எனப்பட்ட விரைவுப் படகுகள், கடலில் நிற்கும் கப்பல்களிலிருந்து முதல் பீப்பாய்களை வாங்கிக்கொண்டு கரைக்குப் போட்டியிட்டு ஓடிவந்தன. முதலில் வந்த மீனுக்குக் கிடைத்த விலையே அந்த ஓட்டத்துக்குக் காரணம்.

ஹெர்ரிங்குக்கென்று இன்னொரு நாளும் உண்டு. 1574இல் ஸ்பானியப் படை லைடன் நகரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டு மக்களைப் பட்டினியில் தள்ளியது. அணைகளை உடைத்து நிலத்தில் கடல்நீரைப் பாயவிட்டு, அந்த நீரின் மீதே படகுகளில் வந்த விடுதலைப் படையினர் அக்டோபர் 3ஆம் நாள் நகருக்குள் நுழைந்து, பசித்த மக்களுக்கு ஹெர்ரிங்கும் வெள்ளை ரொட்டியும் கொடுத்தார்கள். இன்றும் ஒவ்வோர் அக்டோபர் 3 அன்றும் லைடன் நகரின் பழைய எடைமன்றத்தில் நகரவாசிகளுக்கு ஹெர்ரிங்கும் வெள்ளை ரொட்டியும் வழங்கப்படுகின்றன. லைடனில் பிறந்தவர்களுக்கு அந்நாளில் அந்த மீன் விருந்தாகத் தோன்றுவதில்லை. தம் முன்னோர் முதல் கவளமாக உண்டதைத் தாமும் உண்பதாகவே எண்ணுகிறார்கள்.

இனி, முதன்முறை உண்ணப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வாலைப் பிடித்து அண்ணாந்து உண்ணும் முறைக்கு 'ஹாரிங் ஹாப்பன்' என்று பெயர். ஆம்ஸ்டர்டாமிலோ மீனைத் துண்டுகளாக வெட்டி, சிறு காகிதக் கொடி செருகிய குச்சியோடு, வெங்காயமும் வெள்ளரி ஊறுகாயும் சேர்த்துத் தட்டில் தருவார்கள். மென்மையான ரொட்டிக்குள் வைத்துத் தருவதும் உண்டு. வெங்காயம் வேண்டுமா என்பதில் அங்கே தீராத வழக்கு: நல்ல மீனின் சுவையை வெங்காயம் மறைக்கிறது என்று ஒரு சாரார் உறுதியாகச் சொல்வர், அந்தக் காரம் எண்ணெய்ப் பசையை வெட்டுகிறது என்பர் மறுசாரார். முதல் கடியை வெங்காயம் இல்லாமலும் இரண்டாவதை வெங்காயத்தோடும் உண்டு பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.

எந்த வண்டியில் வாங்குவது என்பதுதான் முக்கியம். முன்பே உரித்து அடுக்கி வைத்திருக்கும் இடத்தைவிட, கேட்ட பிறகு கத்தியை எடுக்கும் இடமே நல்லது. 'ஃபெர்ஸ் ஃபான் ஹெட் மெஸ்', அதாவது 'கத்தியிலிருந்து நேரே' என்று அதை அங்கே பெருமையோடு சொல்வார்கள். தோலும் எலும்பும் நீங்கிய கொழுத்த சதை காற்றுப் பட்ட சிறிது நேரத்திலேயே காறத் தொடங்கும். நல்ல மீனின் சதை இளஞ்சிவப்பு கலந்த பாலேட்டு நிறத்தில், ஈரமாகப் பளபளத்து இருக்கும். முதுகெலும்பை ஒட்டி இலேசான செம்பழுப்புக் கோடு தெரியும். சாம்பல் நிறமோ, காய்ந்த விளிம்போ, மூக்கில் ஏறும் எண்ணெய்க் காறலோ இருந்தால் தவிர்த்துவிடலாம். நன்கு கனிந்த ஹெர்ரிங்கில் மீன் வாடை மிகக் குறைவு; கடல்நீரின் மெல்லிய மணமே முன்னிற்கும்.

வாயில் வைத்ததும் முதலில் தெரிவது குளிர்ச்சி. அடுத்து உப்பு, நாம் பயப்படும் அளவுக்கு இல்லாத உப்பு. நாக்கும் மேலண்ணமும் சேர்த்து அழுத்தினாலே சதை விட்டுக்கொடுக்கும். அப்போதுதான் கொழுப்பு உருகி, நெடுநேரம் கொதித்த எலும்புச் சாற்றை நினைவூட்டும் சுவை எழும்பும். 'ஹெர்ரிங் ஊருக்குள், மருத்துவர் ஓரத்தில்' என்று நெதர்லாந்தில் ஒரு பழமொழி உண்டு. ஒமேகா-3 கொழுப்பும் வைட்டமின் டி-யும் பி12-உம் நிறைந்த மீன் என்பதால் பாட்டிமார் அதைச் சொல்லிப் பிள்ளைகளுக்கு ஊட்டுவதில் தவறில்லை. உண்டு முடித்ததும் வால் மட்டும் விரல்களுக்கிடையில் மிஞ்சும். அதை வண்டியின் ஓரத்தில் இருக்கும் வாளியில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொள்ளும் முன்பே பெரும்பாலோர் இரண்டாவது மீனுக்கு விரலைக் காட்டிவிடுகிறார்கள்.